சீர்காழியில் திரும்ப வாங்கிய வாக்கு

தம்பி,

நேற்று நாச்சியார்கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் போனில் சொன்னேன் இல்லையா, அது பொய். குத்துவிளக்கு போன வாரமே வந்து, துணி சுற்றி, பீரோவுக்கு மேல் ஏறிவிட்டது. நான் போனது சீர்காழிக்கு, உன் மாமனார் வீட்டுக்கு. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி பூ, பழம் எதுவும் இல்லாமல், கூட ஒரு ஆளும் இல்லாமல் பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர்கள் எப்படிப் பதறிப்போவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனேன். உன் அப்பாவுக்குக்கூடத் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன். அவர் கையிலிருந்த டிவி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். மஸ்கட்டிலிருந்து ஊரோடு வந்து சேர்ந்த இந்த ஆறு வருஷத்தில் அவர் ரிமோட்டைத் தானாகக் கீழே வைத்தது நேற்றைக்குத்தான்.

பயப்படாதே, கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால் நான் இப்படி நிதானமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நின்றுபோயிருப்பது வேறு ஒன்று. ஆறு மாதமாக நீ ஒரு வரி இசைகூட எழுதவில்லை. அதை நிறுத்தியவள் நான். அதை மறுபடி ஓட வைக்கத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ "பரவாயில்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். உன்னுடைய அந்தப் "பரவாயில்லம்மா"வைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இவ்வளவு துணிச்சல் வந்தது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பத்தாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் வாத்தியார் புத்தியைக் காட்டிச் சிவப்பு மை வைக்காதே.

உனக்கு ஏழு வயது இருக்கும். வாய்க்கால் வறண்டு கிடந்த கோடையில் மோட்டார் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பதினைந்து மா நிலம், உன் அப்பா மஸ்கட்டில், இங்கே வெட்டுவது கொத்துவது எல்லாம் நான்தான். வரப்பில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்த நீ, "அம்மா, மோட்டாரு தப்பாப் பாடுது" என்றாய். "மோட்டாரு எங்கடா பாடுது, பேசாம தின்னு" என்றேன். "காலையில இப்படிப் பாடுச்சு, இப்ப இப்படிப் பாடுது" என்று இரண்டையும் மூக்கால் ம்ம் என்று இழுத்துக் காட்டினாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அந்த வழியாக வந்த வயர்மேன் பார்த்துவிட்டு, வோல்டேஜ் குறைந்திருக்கிறது, இன்னும் அரை மணி ஓடியிருந்தால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகியிருக்கும் என்று சொல்லி மோட்டாரை நிறுத்தினார். அதற்குப் பிறகு இரண்டு கோடை உன்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் வயலில் இறங்கினேன். தெருவிலும் விஷயம் பரவி, "தம்பியக் கொஞ்சம் அனுப்புங்க, எங்க மோட்டாரு எப்படிப் பாடுதுன்னு கேட்டுச் சொல்லட்டும்" என்று ஆள் வர ஆரம்பித்தார்கள். உன் காதுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை, ஏனென்றால் அதனால் எனக்கு லாபம் இருந்தது. பிறகு வந்த உன் உத்தியோகங்களில் எனக்கு லாபம் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பெருமைப்படுகிற புத்தி என்னுடையது, அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

உன் அப்பா லீவில் வரும்போது கீபோர்டு ஒன்று வாங்கி வந்தார். மற்றப் பிள்ளைகள் கீபோர்டை வைத்துச் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள், நீ மோட்டார் சத்தம் வாசித்தாய், மழை வருவதற்கு முன்னால் தவளை கத்துவதை வாசித்தாய். நம் குடவாசலில் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கும்பகோணத்தில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒரு டீச்சர் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு உன்னை அழைத்துப் போனேன். அங்கேதான் அந்த ஐந்து கோட்டு நோட்டை முதல் தடவை பார்த்தேன். ஐந்து கயிறு இழுத்துக் கட்டி வரிசை நடவு நட்ட மாதிரி இருந்தது. சிலது கயிற்றின் மேலேயும் சிலது நடுவிலேயும் நட்டிருக்கிறதே, யாரடா இவ்வளவு கோணலாக நட்டது என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பதினான்கு வயதில் நான்கு வயலினுக்கு என்று ஒன்று எழுதி அந்த டீச்சரிடம் காட்டினாய். நம் வீட்டிலோ, தெருவிலோ, ஏன் குடவாசல் முழுக்கத் தேடினாலும் அப்போது ஒரு வயலின்கூடக் கிடையாது. இல்லாத வயலின் நான்குக்கும் நீ வேலை கொடுத்துவிட்டாய்.

அந்த வேகத்தில் உன்னை விட்டிருந்தால் பதினெட்டு வயதிலேயே சென்னைக்குப் போயிருப்பாய். நான் விடவில்லை. "ஒரு இன்ஜினியரிங் பட்டத்த வாங்கிட்டு வா, அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். நீ "பரவாயில்லம்மா" என்று தஞ்சாவூரில் நான்கு வருஷம் படித்து முடித்தாய். பட்டம் கைக்கு வந்த அன்று அந்தச் சர்டிபிகேட்டை என் மடியில் வைத்து, "இது உனக்கும்மா" என்றாய். ஆகா, எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் அதை லேமினேட் செய்து மாட்டினேன். அடுத்த வாரம் நீ பெட்டியோடு சென்னைக்கு ரயில் ஏறியபோதுதான், உனக்கென்று அதில் எதுவும் இல்லை என்று நீ சொல்லியிருக்கிறாய் என்பது உறைத்தது. அதையும் நான் தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு வருஷம் போனால் என்ன, பிள்ளை கெட்டா போய்விட்டான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சென்னையில் மூன்று வருஷம் இசை கற்றாய், பிறகு உதவித்தொகை கிடைத்து ஹாலந்தில் இரண்டு வருஷம். "அம்மா, இங்கயும் வாய்க்காலுக்கு நடுவுலதான் ஊரு. ஆனா முறை வச்சுத் தண்ணி விடறதெல்லாம் இல்ல, எப்பவும் ஓடுது" என்றாய். "அப்ப தண்ணிச் சண்டையே கிடையாதா? எப்படிடா பொழுது போகும் அவங்களுக்கு?" என்று கேட்டேன். ஒரு நாள் நான் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, மழை வருமோ என்று தார்ப்பாயோடு அல்லாடிக்கொண்டிருக்கும்போது நீ போன் செய்து, "அம்மா, ஆத்துல தண்ணி திறந்து நம்ம வாய்க்காலுக்கு வர்றப்ப முதல்ல என்ன சத்தம் கேக்கும்?" என்றாய். "இங்க நெல்லு நனையப் போவுது, உனக்குத் தண்ணிச் சத்தம் கேக்குதா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நெல்லை மூடிவிட்டு உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. நானே கூப்பிட்டேன். "முதல்ல தண்ணிக்குச் சத்தமே கிடையாதுடா. சருகத் தள்ளிக்கிட்டு வரும், அந்தச் சரசரப்புதான் முதல்ல. அப்புறம் நண்டு ஓடும். அப்புறம் வெடிச்ச மண்ணு குடிக்கும், லொபக் லொபக்னு. மண்ணு குடிச்சு அடங்கினப்புறம்தான் தண்ணிக்குன்னு ஒரு சத்தம் வரும்" என்றேன். நீ பேனா தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லும்மா, எழுதிக்கறேன்" என்றாய். நான் சொல்ல நீ எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதுதான் நீ எழுதிய "புதுத்தண்ணீர்". நீ ஊருக்குத் திரும்பி, தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூட ஹாலில் அதன் கச்சேரியை வைத்தாய். சென்னையிலிருந்து வயலினும் செல்லோவுமாக நான்கு பேர் வந்து வாசித்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புரிந்ததா என்று கேட்டால் பாதி புரிந்தது, அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பாதி. சருகு வந்தது, நண்டு ஓடியது. திடீரென்று நான்கு பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். ஹாலில் ஒருத்தர் கை தட்டவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறான், ஒரு கைதட்டுக்குக்கூடவா பஞ்சம் என்று பளார் பளாரென்று தட்டினேன். மண்வெட்டி பிடித்த கை, சத்தத்துக்குக் கேட்க வேண்டுமா? என்னைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். பெரிய வயலின் மாதிரி இருந்த செல்லோவை வாசித்த பெண் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அவர்கள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் அது முடிவு இல்லை, மண் தண்ணீர் குடிக்கிற இடம் என்று தெரிந்தது. "நாசம் பண்ணிட்டேனேடா" என்று வெளியே வந்து அழுதேன். "இல்லம்மா, அந்த எடத்துல ஒரு சத்தம் கொறையுதுன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாய். ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அச்சடித்து வந்த நோட்டில் அந்த இடத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் கை தட்ட வேண்டும் என்று போட்டிருந்தாய். ஹாலந்தில் அதை வாசித்தபோது அந்த ஊர் அம்மா ஒருத்தியைக் கூட்டத்தில் உட்கார வைத்துத் தட்டச் சொன்னார்களாமே. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உன் அப்பாவைக் கேள். அவள் தட்டியது போதாது, நான் இன்னும் நன்றாகத் தட்டினேன்.

வாத்தியார் வேலையிலும் நீ சும்மா இருக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் நான்கு வரி சொந்தமாக மெட்டு எழுத வேண்டும், அதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை வாசிக்க வேண்டும் என்று வைத்தாய். பெற்றோர் கூட்டத்தில் டவுன் பஸ் டிரைவர் ஒருவர் எழுந்து, "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டாராம். "வராதுங்க. ஆனா உங்க பொண்ணு எழுதினத இப்ப வாசிக்கப் போறாங்க, ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போங்க" என்றாயாம். அவர் கேட்டு முடித்துவிட்டு, "மறுபடி ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க" என்று போனில் பதிந்துகொண்டு போனாராம். அன்றைக்கு நீ என்னிடம் அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த குதியாட்டம் இருக்கிறதே, நீ சம்பளம் வாங்கிய அன்றைக்குக்கூட நான் அதைக் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெண் தேட ஆரம்பித்தேன், அங்கேதான் என் புத்தி கோணியது. முதல் இடம் திருவாரூர் பக்கம். "பையன் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர், மியூசிக் எழுதவும் செய்யறான்" என்றேன். "சினிமாவுக்கா?" என்றார்கள். "இல்லீங்க." "கோயில் கச்சேரிக்கா?" "அதுவும் இல்லீங்க. நாலு பேரு வாசிப்பாங்க, ஜனங்க உக்காந்து கேப்பாங்க." "அதுக்கு யாரு வருவா?" "நான் போவேன்" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள், காபி கொடுத்தார்கள், அதோடு சரி. மன்னார்குடியிலும் அதே கதை. கல்யாணத் தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடிக்கிறான்னு சொன்னாக்கூடத் திருந்திடுவான்னு பொண்ணு குடுக்கறாங்கம்மா. நீங்க சொல்றது அவங்களுக்கு என்னன்னே புரியல. அதச் சொல்லாதீங்க" என்றார். மூன்றாவது இடம் சீர்காழி. பெண் கால்நடை டாக்டர், அவள் அப்பா நெல் வியாபாரி, தாயில்லாத பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர். எனக்கு அபிராமியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, கை நழுவிப் போய்விடக்கூடாதே என்று ஒரு பதைப்பு. அவள் அப்பா, "தம்பிக்கு வேற பழக்கம் ஏதாவது?" என்று எல்லாரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "வெத்தலகூடப் போடமாட்டான். மியூசிக் எழுதிக்கிட்டு இருந்தான், அதையும் விட்டுட்டான். இனிமே தொடமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். நீ இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாய். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காபியைக் குடித்தாய்.

வீட்டுக்கு வந்து திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ திட்டவில்லை. கொஞ்ச நாள் மறைத்து எழுதுவான், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ அதுவும் செய்யவில்லை. நிச்சயதார்த்தம் ஆனது, பத்திரிகை அடித்தாயிற்று, புடவை எடுத்தாயிற்று, நானும் கல்யாண மும்முரத்தில் உன்னைக் கவனிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வந்தவன் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாய். ஐந்து வயதிலிருந்து உனக்கு ஒரு பழக்கம், வலது கை சாப்பிடும், இடது கை விரல் தரையில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். "சோத்து முன்னாடி தாளம் போடாதடா" என்று எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கையில் அடித்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கை மடித்து வைத்த துண்டு மாதிரி மடியில் கிடந்தது. ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "என்னடா எழுதற இப்ப?" என்று கேட்டேன். "எதுவும் இல்லம்மா." "சென்னையில பிள்ளைங்க பாடறதுக்கு ஏதோ கேட்டாங்கன்னியே?" "முடியாதுன்னு மெயில் போட்டுட்டேன்." "வகுப்புல?" "புத்தகத்துல இருக்கறதப் பாடறாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாமல், "நீ பொறுப்புன்னு வாக்குக் குடுத்துட்டியேம்மா. நாளைக்கு உன்னை யாரும் பொய் சொன்னவளுன்னு சொல்லக்கூடாதுல்ல? பரவாயில்லம்மா" என்றாய்.

தம்பி, அந்த ரசம் ஆறிப்போகிற வரைக்கும் நான் அடுப்படியில் நின்று அழுதேன். பிள்ளை என் சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று ஊரில் எந்தத் தாயும் பூரித்துப்போவாள். என்னால் பூரிக்க முடியவில்லை. இந்த நான்கு நாளாக யோசித்ததில் இன்னொன்றும் தெரிந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வளைத்தேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். பயம் பாதிதான். மீதிப் பாதி, எனக்கு அலுத்துவிட்டது. விசேஷ வீடுகளில் ஒவ்வொருத்தியாக வந்து உன் பையன் என்ன செய்கிறான் என்று கேட்பதும், நான் விளக்குவதும், அவர்கள் பாவம் பார்ப்பதும். ஒரே வார்த்தையில், வாத்தியார் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்தியில் உட்கார ஆசைப்பட்டேன். நீ நிறுத்தினால் எனக்கு நிம்மதி என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்திருக்கிறேன். அந்தக் கைதட்டல் வீடியோவை அத்தனை தடவை பார்த்தவளும் நான்தான், இப்படி நினைத்தவளும் நான்தான். இதற்கு நீ "பரவாயில்லம்மா" சொல்லாதே. பரவாயில்லாமல் இல்லை.

அதனால்தான் நேற்று காலையில் கும்பகோணத்தில் ஒரு பஸ், மயிலாடுதுறையில் ஒரு பஸ் மாறிப் போனேன். உன் மாமனார் வீட்டை ஒட்டிய நெல் மண்டியில் இருந்தார். ஒரு கை நெல்லை எடுத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்துக் காய்ந்த பதம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சம்பந்தியம்மா, என்ன திடீர்னு? ஒரு போன் பண்ணியிருக்கலாமே, கார் அனுப்பியிருப்பேனே" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் சம்பந்தி. என் பிள்ள மியூசிக் எழுதறத விடல. விடவும் கூடாது. நான் குடுத்த வாக்கத் திரும்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். இதனால உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிடுங்க, தப்பு என் மேலதான்" என்றேன். அவர் வாயிலிருந்த உமியைத் துப்பினார்.

"கோவம் வருதுதான்" என்றார். "அது நீங்க பொய் சொன்னதுக்கு. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொல்றீங்க, அதனால அத விட்டுடறேன். ஆனா வாக்கு, வாக்குங்கறீங்களே, நான் எப்ப கேட்டேன் அந்த வாக்க? பழக்கம் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். நீங்கதான் புள்ளயோட தொழிலக் கொண்டாந்து பழக்கத்துல சேத்தீங்க."

தம்பி, என்னை யாரும் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. யாரும் கேட்காத வாக்கு. நானாக முந்திக்கொண்டு, வாய்க்காலை அடுத்தவர் வயலுக்கு வெட்டிவிடுகிற மாதிரி உன்னை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, காபிக்கு ஆள் அனுப்பினார். "எனக்கு அந்தப் பாட்டெல்லாம் புரியாதுங்க. என் பொண்ணு மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டு என்ன தேடறான்னும் எனக்குப் புரியாது. புரிஞ்சாதான் விடுவேன்னா அவ இன்னைக்கு டாக்டராவே ஆயிருக்க மாட்டா. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாக்கட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, காபியைக் கொட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்துக்கு அபிராமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முட்டி வரை ரப்பர் ஷூ, முழங்கையில் சாணி. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். நிச்சயத்துக்கு முன்னாலேயே நெட்டில் உன் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்ததையெல்லாம் கேட்டுவிட்டாளாம். உன்னிடமும் கேட்டிருக்கிறாள், நீதான் அம்மா வாக்கு என்று வாயை அடைத்துவிட்டாய். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எப்படி வர்றது? கல்யாணம் ஆகட்டும்னு இருந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன் அத்தை. மாடு அசை போடறத நிறுத்திடுச்சுன்னா அதுக்கு உடம்பு சரியில்லன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும், வேற எதையும் பாக்கவே வேணாம். இந்த ஆறு மாசமா அவரு போன்ல பேசறது எனக்கு அப்படித்தான் இருக்கு" என்றாள். உன்னை மாட்டோடு சேர்த்துப் பேசியதற்கு உனக்குக் கோபம் வந்தால் அவளிடமே கேட்டுக்கொள். எனக்கு அவளை அங்கேயே, சாணியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டேன். புடவையை இன்னும் அலசவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தாய் என்ற அதிகாரத்தில் இது ஒன்றுதான் மிச்சம். சென்னைக்காரர்களுக்கு, எழுத முடியும் என்று இன்னொரு மெயில் போடு. வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்கள் என்றால் போகட்டும், யாரும் கேட்காமலேயே எழுது. நான்கு வயலினுக்கு எழுதச் சொல்லி அப்போது யாரும் உன்னைக் கேட்கவில்லையே. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளை மறுபடி எழுதச் சொல். நீ விடியற்காலையில் எழுதுகிறவன், அவளை விடியற்காலையில்தான் ஏதாவது ஒரு மாடு கூப்பிடும். யார் காபி போடுவது என்று முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நானும் உன் அப்பாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவள் வேலையைப் பற்றி யாராவது முகம் சுளித்தால் எனக்காகவோ, குடும்ப மரியாதைக்காகவோ வாயை மூடிக்கொண்டு இருக்காதே. என் சொல்லுக்கு நீ கொடுத்த மரியாதையில் பாதியை என்னை எதிர்த்துப் பேசுவதில் காட்டியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். பிள்ளை எதிர்த்துப் பேசினால் எனக்கு இரண்டு நாள் கோபம் இருக்கும், அவ்வளவுதான். உன்னை இழுத்துப் பிடித்துக் கட்டிப்போட்டவள் என்ற எண்ணத்தோடு நான் மீதி நாளைத் தள்ள வேண்டியிருந்தால், அது கோபம் இல்லை தம்பி, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

இன்று காலையில் வயலுக்குப் போகவில்லை. குறுவை நெல் பால் பிடித்து நிற்கிறது, ஒரு நாள் நான் பார்க்காவிட்டால் ஓடிப் போகாது. மிச்சமிருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அபிராமி பெயருக்குப் பக்கத்தில் அவள் படிப்பு, வேலை எல்லாம் வரிசையாக இருக்கிறது. உன் பெயருக்குக் கீழே "இசை ஆசிரியர்" என்று மட்டும் நான்தான் அச்சடிக்கச் சொன்னேன். அதற்கு முன்னால் "இசையமைப்பாளர்" என்று ஒவ்வொன்றிலும் என் கையால் நீல மையில் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் படிக்க முடிகிறது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "அதான் பாதி ஊருக்குக் குடுத்தாச்சே, அதையெல்லாம் என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

நாளைக்கு விடிந்ததும் அந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகிறேன், பேனாவோடு.

அம்மா